மிஷின் ஓடுற வரைக்கும்

அன்று நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: "சித்தப்பா, உங்க மோதிரம் எங்க?"

செய்தி காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. நெய்வேலியில் நான் வேலை செய்யும் பள்ளி நூலகத்தில், பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேசியது என் அத்தையோடு வேலை பார்த்த ரோசலி அக்கா. "தேனு, நிக்கிறியா, ஒக்காந்திருக்கியா? ஒக்காரு மொதல்ல. செம்பகக்கா போயிட்டாங்க." அவர் போனை வைக்கவில்லை. பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அது அத்தை வளர்த்த பீங்கானின் குரல். இன்னொரு நாயான கரி, துக்கத்தில் குரைக்காது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி வரைக்கும் நான்தாம்மா கூட இருந்தேன். அக்காவுக்கு ஒரு கொறையும் வெக்கல." நான் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடம் மட்டும் இன்னும் வெளுப்பாக ஒரு வளையம் போட்டிருந்தது. "சரிங்க சித்தப்பா" என்றேன். நான் அழவில்லை என்று பின்னால் சிலர் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

அத்தையோடு செராமிக் தொழிற்கூடத்தின் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்த அக்காக்கள், முப்பதாம் நாளுக்கு ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்கள். புத்தகம் படிக்கிற பெண் என்று எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு சித்தப்பாவும் வந்து சொன்னார்: "நான் பாத்துக்கிட்டதையும் ஒரு வரி சேத்துக்கம்மா." சேர்த்திருக்கிறேன். ஒரு வரியில் அடங்கவில்லை.

செண்பகம் அத்தை என் அப்பாவுக்கு அக்கா. சித்தப்பா இவர்கள் இருவருக்கும் தம்பி. அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் நானும் நெய்வேலிக்குப் போய்விட்டோம். அத்தை மணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா கட்டிய வீட்டின் முன்கட்டில் சித்தப்பாவும் சித்தியும், பின்கட்டில் அத்தை. நடுவில் ஒரு சுவர், பக்கத்தில் ஒரு பொது முற்றம். விடுமுறை நாட்களில் நான் பின்கட்டில்தான் இருப்பேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தை பீங்கான் பொருட்களுக்குப் பூச்சுப் போட்டார். காய்ந்த கப்பை இரண்டு விரலால் பிடித்து, பூச்சுக் கரைசலில் முக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுப்பார். விரல் பட்ட இடம் தெரியாது. வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம், ஞாபகத்தில் இரக்கமின்மை. இந்த மூன்றாவதை அவருடன் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய் சிதறிய ஒரு கப்பை சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலும் தூக்கிக் காட்டி, "இதுல உங்கப்பன் குடிப்பானா?" என்று கேட்டாராம். அத்தை பதில் சொல்லவில்லை. மாலையில் அந்தக் கப்பை உடைசல் குவியலிலிருந்து எடுத்துவந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தச் சூப்பர்வைசர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். அத்தை அதே கப்பில் காப்பி கொடுத்தார். "ஞாபகம் இருக்குதுங்களா சார்? எங்கப்பன் குடிக்கல. நீங்க குடிங்க." அவர் குடித்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு அத்தை போய் நல்ல பட்டுப்புடவை வைத்துக் கொடுத்துவிட்டும் வந்தார்.

"இவ்வளவு வருஷமா மறக்கலையா அத்தை?" என்று கேட்டேன்.

"மறக்கறது வேற, பேசாம இருக்கறது வேற தேனு. நான் பேசாமத்தான் இருந்தேன்."

நாய்கள் மூன்றும் தொழிற்கூட வாசலில் கிடந்தவை. வெள்ளையாக இருந்தது பீங்கான். கறுப்பாக இருந்தது கரி. பழுப்பு நிறத்தில் மூன்றாவதாக வந்ததற்குப் பெயர் வைக்க அத்தைக்கு அலுப்பு வந்துவிட்டது. "மூணு" என்றே கூப்பிட்டார். மூணுவுக்கு ஒரு காது மடங்கியிருக்கும். யார் தும்மினாலும் எழுந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு அத்தைக்கு மூச்சிரைப்பு வந்தது. கடலூரில் பார்த்த டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தொழிற்கூடத்துப் பொடி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார். இனி தூசி கூடாது, நாய் கூடாது.

"நாயி கூடாதுங்களா, நாய் முடி கூடாதுங்களா?" என்று கேட்டார் அத்தை.

டாக்டர் யோசித்தார். "முடிதான்மா."

"அப்ப முடிய எடுத்துடறேன்."

அந்த வாரமே வாக்குவம் கிளீனர் வந்தது. எங்கள் தெருவில் அதுதான் முதல். சிவப்பு நிறம், வாளி அளவு உடம்பு, யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். அத்தை அதை மிஷின் என்றார். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. தரை முடிந்ததும் நாய்கள். பீங்கான் முதுகைக் காட்டிக்கொண்டு சொகுசாக நிற்கும். கரி ஓடிவிடும். மூணு குழாயின் வாயில் மூக்கை வைத்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். மூன்று மாதம் கழித்து டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினார்.

சித்தப்பா தொழில் அச்சு செய்வது. பொம்மைகளுக்கான பிளாஸ்டர் அச்சுகளை ஊற்றி முற்றத்தில் காயவைப்பார். அவர் இந்தத் தொழிலைத் தொடங்கிய நாளில், அத்தை தன் சேமிப்பில் ஒரு தங்க மோதிரம் செய்து போட்டார். சதுர முகப்பு, நடுவில் எழும்பிய ஒரு வேல். அதை அவர் ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டார். பார்க்கிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று.

ஒரு நாள் ஈரமாக இருந்த ஒரு பிள்ளையார் அச்சின்மேல் கரி நடந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்து மங்களூரிலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். எங்கள் உறவில் மூத்தவர், விவசாயம் செய்கிறவர். அம்மா, நான், ரோசலி அக்கா எல்லோரும் பின்கட்டில் இருந்தோம். சித்தப்பா அந்த அச்சைத் தூக்கிவந்து எங்கள் நடுவே வைத்தார்.

"இது யாரு காலு?" என்றார். "சொல்லுங்கக்கா. இது யாரு காலு?"

நாலு விரலும் உள்ளங்காலும் அழகாகப் பதிந்திருந்தன. அத்தை அச்சைப் புரட்டிப் பார்த்தார். "பின்பக்கந்தானப்பா பதிஞ்சிருக்குது. உள்ள புள்ளையாரு நல்லாத்தானே இருக்காரு."

ரோசலி அக்கா சிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. நாய்களை உடனே விரட்ட வேண்டும் என்றார். டாக்டர் சொன்னதை இழுத்தார். சித்தி நாய்க்குப் பயந்து பின்கட்டுப் பக்கமே வருவதில்லை என்றார், அது உண்மை. பெரிய மாமா, "ஒரு முடிவு சொல்லப்பா" என்றதும், சித்தப்பா பெருந்தன்மை போலச் சொன்னார்: "சரி. அந்த மிஷினு ஓடுற வரைக்கும் நாயிங்க இருக்கட்டும். நின்னுச்சுன்னா அன்னிக்கே வெளிய போவணும். பேச்சுன்னா பேச்சு."

"பேச்சுன்னா பேச்சு" என்றார் அத்தை.

அந்த மாதிரி மிஷின்கள் ஒரு வருஷம் தாங்காது என்று சித்தப்பாவிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அத்தைக்கு அது வீட்டுச் சாமான் இல்லை. மூன்று உயிர்களின் காவல். ஒரு மாதத்தில் அதன் உருளைப் பிரஷ் சுற்றாமல் நின்றது. அத்தை திருப்புளியை எடுத்துத் தானே கழற்றினார். வெள்ளை, கறுப்பு, பழுப்பு முடிகள் நூல் போல முறுக்கிச் சுற்றியிருந்தன. "மூணு பேரும் சேந்து கயிறு திரிச்சிருக்காங்க பாரு" என்று, கப்புகளின் பிசிறு சீவும் பழைய கத்தியால் அறுத்து எடுத்தார். பிரஷ் சுற்றியது.

அடுத்து, இழுக்கும் வேகம் குறைந்தது. ஃபில்டரில் மாவு போலத் தூசி அடைத்திருந்தது. அத்தை அதைக் கழுவினார். கழுவியதைக் காயவைக்க எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். ரோசலி அக்காவிடம் கொடுத்து சூளை மேல் வைக்கச் சொன்னார். மழைக்காலத்தில் நனைந்த பள்ளிப்பை, செருப்பு, வடகம் எல்லாம் எங்களுக்குச் சூளை மேல்தான் காயும். மறுநாள் ஃபில்டர் அப்பளமாக வந்தது.

கடையிலிருந்து சர்வீஸ்காரர் வந்து அதைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா, பொரிச்சு வெச்சிருக்கீங்க?" பிறகு மிஷினைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாய் முடிக்கெல்லாம் வாரண்டி கெடையாதுங்க."

"தூசிக்கு உண்டா?"

"உண்டுங்க."

"நாய் மேல இருந்தா முடி. கீழ வுழுந்துட்டா தூசி. நீ எதைப் பாக்கறதுக்குப்பா வந்திருக்கே?"

அவர் சிரித்துக்கொண்டே புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தார். அதன்பின் அவரும் அத்தைக்கு வேண்டியவராகிவிட்டார். மிஷின் ஒரு வருஷம் தாண்டியது, இரண்டும் தாண்டியது. சித்தப்பா சில நாள் முற்றத்தில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நிற்குமா என்று.

மூன்றாம் வருஷம் மார்கழிப் பனியில் அத்தைக்கு மூச்சு முட்டியது. கடலூரில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். வீட்டுச் சாவியும், நாய்களுக்குச் சோறு வைக்கும் பொறுப்பும் சித்தப்பாவிடம். திரும்பி வந்தபோது கேட் சத்தத்துக்கு யாரும் ஓடிவரவில்லை.

சித்தப்பா முன்கட்டு வாசலிலேயே நின்று சொன்னார்: "மிஷினு நின்னுடுச்சுக்கா. பெருக்கலாம்னு போட்டேன், ஓடல. பேச்சுன்னா பேச்சு."

"எங்க வுட்ட?"

"நல்ல எடத்துலதான்."

அத்தை உள்ளே போய், தரையில் உட்கார்ந்து மிஷினைப் பக்கத்தில் இழுத்தார். இழுக்க வரவில்லை. "இது இவ்ளோ கனம் கெடையாதே" என்றார். குழாயைக் கழற்றினார். மிஷினின் வாயை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி, தட்டிப் பார்த்து, "பிளாஸ்டர்" என்றார். கரைத்து உள்ளே ஊற்றியிருக்கிறார்கள். அது கல்லாக இறுகியிருந்தது. வாயின் நடுவில் மட்டும் ஒரு துளை. அத்தை அதில் தன் விரலை விட்டார். தொளதொளவென்று இருந்தது.

"தேனு, டார்ச் அடி."

துளையின் விளிம்பில், விரலின் அடி இருக்கும் இடத்தில், ஒரு சின்னச் சதுரம் அழுந்தியிருந்தது. சதுரத்துக்குள் ஒரு வேல்.

இதை அச்சு வேலை தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். பிளாஸ்டர் ஊற்றுகிறவர்கள், அது இறுகத் தொடங்கியதா என்று விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். நினைத்துச் செய்வதில்லை, கையே செய்யும். வேறு யார் இந்தக் காரியத்தைச் செய்திருந்தாலும் ஊற்றிவிட்டு ஓடியிருப்பார்கள். சித்தப்பா நல்ல தொழிலாளி. நின்று, பதம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் எழுந்தேன். "இப்பவே போய்க் கேக்கலாம் அத்தை."

"ஒக்காரு. கேட்டா இல்லம்பான். இல்லன்னு ஒரு தடவ சொல்லிட்டான்னா அவனுக்கு நிம்மதியாயிடும். அந்த நிம்மதிய நான் எதுக்கு அவனுக்குக் குடுக்கணும்?"

அடுத்த நாள் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தோம். ஒரு டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "பெண்ணாடம் பக்கம் வுட்டுட்டு வந்தங்க. நீங்களே அனுப்பச் சொன்னதா உங்க தம்பி சொன்னாருங்களே அக்கா." மிஷின் நின்றது எப்போது என்று அத்தை அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்?

பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்கும் இடமெல்லாம் அத்தை நடந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். டீக்கடைக்காரர் ஒருவர், "கறுப்பு நாயாம்மா? சக்கரத்துக்கடியில ஒண்ணு படுத்துக் கெடக்குது, பிஸ்கட்டு போட்டாக்கூட வர மாட்டேங்குது" என்றார். கரிதான். அத்தையைப் பார்த்ததும் அது வாலாட்டவில்லை. வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள், பாதம் நான்கும் தேய்ந்து, பீங்கான் தானே நடந்து வீட்டுக்கு வந்தது. மூணு வரவில்லை. அதற்குப் பின் நான்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். வெள்ளாற்று மணலில் நின்று அத்தை "மூணு, மூணு" என்று கூப்பிட்டார். கூப்பிட்டு முடிக்கும் முன் இருமல் வந்துவிடும். நான் மிச்சத்தைக் கூப்பிடுவேன்.

மிஷினைப் பழுது பார்க்க சர்வீஸ்காரர் வந்தார். ஒரு தட்டுத் தட்டினார். "இதுக்குள்ள என்னம்மா கட்டடம் கட்டியிருக்கீங்க?" மோட்டார் வரை ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அத்தை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: உடம்பை அறுத்து, உள்ளே இருப்பதை முழுதாக எடுத்துக் கொடுக்க முடியுமா? கொடுத்தார். சுரைக்காய் போல ஒரு வெள்ளைக் கட்டி. அதன் ஒரு பக்கம் வாயடைப்பு, விரல் துளையோடு. மறுபக்கம் தூசி அறை இருந்த பகுதி. அதில் மூன்று நிற முடியும் பிளாஸ்டரோடு சேர்ந்து இறுகியிருந்தது. பழுப்பு முடி நிறைய. அத்தை ரம்பத்தால் கட்டியை இரண்டாக அறுத்தார். முடி இருந்த பாதியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

விரல் துளை இருந்த பாதியில், வார்ப்புக்கு வைத்திருக்கும் களிமண் கூழை ஊற்றினார்.

பிளாஸ்டர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், களிமண் இறுகிச் சற்றே சுருங்கும், தானே கழன்று வரும். எங்கள் ஊர் இதைத்தான் தினமும் செய்கிறது. கழன்று வந்தது ஒரு விரல். நகம், ரேகை, அடியில் சதுர மோதிரம், அதில் வேல். காயவைத்து, ரோசலி அக்கா வேலை செய்யும் கூடத்தின் சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சுப் போட்டு, மீண்டும் சுட்டு, மோதிரத்துக்கு மட்டும் தங்கப் பூச்சுத் தீற்றி மூன்றாம் முறையும் சுட்டார். அத்தை தன் வாழ்நாளில் பூச்சுப் போட்டவற்றில் இவ்வளவு கவனமாக வேறொன்றைச் செய்ததில்லை என்று ரோசலி அக்கா சொன்னார். பின்கட்டுக் கூடத்து ஷோகேஸில், நடுத்தட்டில், நேர் எதிரே தெரியும்படி அத்தை அதை நிறுத்தினார்.

பிறகு சித்தப்பாவைக் காப்பிக்குக் கூப்பிட்டார். காப்பி எந்தக் கப்பில் என்று சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்தார். அவர் பார்வை நடுத்தட்டில் நின்றது.

"அதென்னக்கா?"

"பொம்மை."

"யாரு செஞ்சது?"

"அச்சு ஒருத்தரு செஞ்சாரு. நான் வாத்து எடுத்தேன்."

சித்தப்பா கப்பைக் கீழே வைத்தார். பிறகு அவர், தொழிலாளிக்கே உரிய குரலில், தன்னை அறியாமல் கேட்டார்: "சின்னதா இருக்குதே?"

"சுட்டா சுருங்கும்ல, ஒனக்குத் தெரியாததா? இப்பத்தான் ஆளு அளவுக்குச் சரியா வந்திருக்குது. குடிப்பா, காப்பி ஆறுது."

அவர் குடித்து முடித்தார். அடுத்த வாரம் அவர் விரலில் மோதிரம் இல்லை. தொலைந்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னாராம். அத்தை இருந்தவரை அந்த விரலைப் பற்றி இருவருக்கும் நடுவில் இதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

புது மிஷின் வாங்க நானும் கூடப் போனேன். அத்தை ஒரு பையில் நாய்முடியைக் கொண்டுவந்திருந்தார். கடையின் பளிங்குத் தரையில் அதைக் கொட்டி, "எடுத்துக் காட்டுங்க" என்றார். கடைக்காரர் திகைத்துப்போய் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். "இது சத்தமே வராதுங்கம்மா" என்றார் ஒன்றைக் காட்டி.

"எது ஜாஸ்தியா சத்தம் போடும்?"

அதைத்தான் வாங்கினோம். நீல நிறம். அன்று முதல் மதியப் பெருக்கல் சரியாக இரண்டு மணிக்கு நடந்தது. சித்தப்பா சாப்பிட்டுவிட்டுப் படுப்பதும் இரண்டு மணிக்குத்தான். அத்தை நடுச்சுவரில் தொடங்குவார். அதன் ஓரத்தில் தூசி அதிகம் என்பார். குழாயின் தலை சுவரில் முட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மறுபக்கம் கட்டில் கிறீச்சிடும். ஒருநாள் சித்தப்பா முற்றத்தில் வந்து நின்று, "அக்கா, கொஞ்சம் அப்புறமாப் போடக் கூடாதா?" என்றார். அத்தை மிஷினை அணைத்தார். "என்னப்பா? நின்னுடுச்சான்னு பாக்க வந்தியா?" என்றார். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, மறுபடி போட்டார்.

மன்னிப்பைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அழகான பக்கங்கள். ஒருமுறை அவற்றில் சிலவற்றை அத்தைக்கு வாசித்தும் காட்டினேன். முழுதும் கேட்டார். "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். "மூணு வந்து சொல்லட்டும், நான் வுட்டுடறேன்."

அவர் நெஞ்சைக் கெடுத்தது முப்பது ஆண்டுப் பொடி. டாக்டர் அப்படித்தான் சொன்னார், எனக்கும் தெரியும். பெண்ணாடத்துப் புழுதியில் ஐந்து முறை நடந்ததையும் நான் அதோடு சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு எந்த டாக்டரின் கையெழுத்தும் எனக்குத் தேவையில்லை.

கடைசியாக நான் போன சனிக்கிழமை, அத்தை கட்டிலில் சாய்ந்தபடி, குழாயை என் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார். பீங்கான் முதுகைக் காட்டி நின்றது. ஓட்டி முடித்ததும் சொன்னார்: "விரல் வார்த்த அச்சு ஒங்கிட்ட இருக்கட்டும். முடி இருக்கற பாதிய என்கூட அனுப்பிடு. நாயிங்கள யாருக்கும் குடுத்துடாத. பேச்சு பேச்சுதான்." அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. கேட்டது அன்று மட்டும்தான்.

மணிமுத்தாற்றில் சாம்பல் கரைத்த அன்று, துணியைப் பிரித்து அந்தப் பாதியை நான் தண்ணீரில் விட்டேன். இடுப்பளவு நீரில் அது உடனே மூழ்கவில்லை. ஒருமுறை திரும்பி, பழுப்பு முடி இருந்த பக்கத்தைக் காட்டிவிட்டு இறங்கியது. கரையில் நின்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். அத்தையோட சாமான் என்றேன். போயிட்டு வாங்க அத்தை. மூணுவைப் பார்த்தால் தும்மிக் காட்டுங்கள்.

இனி கருமாதி நாளில் நடந்தது.

சாப்பாடு முடிந்து உறவினர்கள் பின்கட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காரியத்துக்காக நாய்களை நான் அறையில் விட்டுச் சாத்தியிருந்ததால், பல வருஷத்துக்குப் பிறகு சித்தியும் அங்கே வந்திருந்தார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அக்காவே போயிட்டாங்க. இனிமே அந்த ரெண்டையும் யாரு பாக்கறது? ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன்."

கூட்டத்தில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. மிஷினை இழுத்துவந்து, பிளக்கைச் செருகி, போட்டேன். ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கினார்கள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அணைத்தேன்.

"மிஷினு ஓடுற வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க சித்தப்பா. அம்மா இருந்தாங்க. பெரிய மாமாவும் இருந்தாங்க."

"ஆமாம்பா, சொன்ன" என்றார் பெரிய மாமா.

"அது அக்கா இருக்கும்போது சொன்னது. அந்த மிஷினும் இது இல்ல. அது நின்னுடுச்சு" என்றார் சித்தப்பா.

"நிக்கல" என்றேன். ஷோகேஸைத் திறந்து, பீங்கான் விரலை எடுத்து, பெரிய மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார்.

"இதென்னம்மா, மோதிரத்தோட? இது யாரு விரலு?"

"அந்தப் பழைய மிஷினோட வாயில இருந்துச்சுங்க மாமா. உள்ள பிளாஸ்டர ஊத்திட்டு, இறுகிடுச்சான்னு விரல் வெச்சுப் பாத்திருக்காங்க. யாருன்னு சித்தப்பாவக் கேளுங்க."

பெரிய மாமா கையிலிருந்ததை சித்தி எட்டி வாங்கினார். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். மோதிரத்தின் சதுரத்தில் வேல் தெரிந்தது.

"இது நீங்க தொலைச்சுட்டேன்னு சொன்ன மோதிரமாச்சே?"

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது சித்தப்பா எழுந்து போய், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, முன்கட்டுக்குள் போனார். திரும்பி வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் தன் அச்சுகளை முற்றத்திலிருந்து எடுத்து வேறிடத்துக்கு மாற்றினார். முதல் தேதியிலிருந்து நானும் அம்மாவும் பின்கட்டில் இருக்கிறோம். தினமும் காலையில் நெய்வேலிக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பீங்கானும் கரியும் எங்களோடு இருக்கின்றன. விரல் நடுத்தட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில், சரியாக இரண்டு மணிக்கு, நடுச்சுவரிலிருந்து தொடங்குகிறேன்.